மான்கொம்புப் பவளத்தை நுனியிலிருந்து படித்தறிவது எப்படி

நெடுந்தீவில் படகால் இறங்கி ஊருக்குள் நடப்பவர்களின் கண்ணில் முதலில் படுவன முருகைக்கல் வேலிகளே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களில் கிடுகும் பனையோலையும் செய்த வேலையை, அங்கே சாந்து எதுவுமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட கடற்கற்கள் செய்கின்றன. அந்தக் கற்களில் ஒன்றின் அருகே குனிந்து பார்த்தால், அதன் முகம் முழுவதும் மிளகளவிலும் அதனினும் சிறிதாகவும் குழிகள் நெருங்கியிருப்பதையும், ஒவ்வொரு குழிக்குள்ளும் மெல்லிய சுவர்கள் நடுவை நோக்கி நட்சத்திரம்போல் ஓடுவதையும் காணலாம். ஒவ்வொரு குழியும் ஒரு விலங்கு குடியிருந்த வீடு. யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களிலும் இந்தக் கல் உண்டு. சுண்ணாம்புச் சூளைகளில் சுடப்பட்டதும் இதுவே. நூற்றாண்டுகளாகக் கல்லாகவே நமக்குப் பழகிப்போன இந்த உயிரியைக் கடலில் உயிருடன் இருக்கும்போது இனங்கண்டு, அதன் உடல்நிலையை அறிந்து, பிறர் பயன்படுத்தத்தக்க முறையில் பதிவுசெய்வது எவ்வாறு என்பதை இங்கே எழுதுகிறேன்.

பவளங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கற்க முயல்வது வீண்சிரமம். கிளைவிட்டு வளரும் ஒரு சாதியை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. அந்தச் சாதி அக்ரோபோரா. தமிழில் மான்கொம்புப் பவளம் என்று அழைக்கப்படுவது. பாறை கட்டும் பவளங்களுள் மிகக் கூடுதலான இனங்களைக் கொண்டதும், மிக வேகமாக வளர்வதும், கடல் சூடேறும்போது முதலில் வெளிறிச் சாவதும் இதுவே. ஆகவே கடலில் நிகழும் மாற்றத்தை ஏனைய பவளங்களுக்கு முன்னரே இது காட்டிவிடுகிறது. இதைப் படிப்பதற்கான தொடக்கப்புள்ளி கிளையின் நுனி. எந்தச் சாதி, வளர்கிறதா நின்றுவிட்டதா, நலமாக உள்ளதா என்னும் மூன்று கேள்விகளுக்குமான விடையின் பெரும்பகுதி அந்த நுனியின் ஓரிரு சென்ரிமீற்றருக்குள் அடங்கியிருக்கிறது.

சொல்லைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. நவமணிகளுள் ஒன்றாக மோதிரத்தில் பதிக்கும் சிவந்த பவளம், மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் ஒளி குறைந்த ஆழங்களில் வளரும் வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் உயிரிக்கு எட்டு உணர்கொம்புகள் உண்டு. நம் கரையோரப் பாறைகளைக் கட்டும் உயிரிகளுக்கு ஆறு அல்லது ஆறின் மடங்கான உணர்கொம்புகள் இருக்கும். இலங்கைப் பாடநூல்கள் இவற்றை முருகைக் கற்பாறைகள் என்று எழுதுகின்றன. நம் ஊர்க் கடற்றொழிலாளரிடமும் முருகைக்கல் என்றுதான் கேட்க வேண்டும்; பவளம் எங்கே உண்டு என்று கேட்டால் நகைக்கடைக்கு வழிகாட்டப்படவும் கூடும்.

கரையில் தொடங்குதல்

கடலுக்குள் இறங்குவதற்கு முன் கரையில் ஒருநாளைச் செலவிட வேண்டும். புங்குடுதீவு, காரைநகர், நெடுந்தீவு ஆகிய இடங்களின் முருகைக் கரைகளில், வாடைக்காற்று ஓய்ந்த பின்னர், அலை ஒதுக்கிய பவளத் துண்டுகளைத் தேடலாம். விரல் தடிப்புள்ள கிளைத்துண்டுகளைத் தேர்ந்து, பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்றினால் பார்க்கவும். நெடுநாள் உருண்டு மழுங்கிய துண்டுகள் உதவா. கையில் தடவும்போது அரம்போல் சொரசொரக்கும் புதிய துண்டே வேண்டும். பார்த்து முடிந்ததும் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். இறந்த துண்டுங்கூடக் கரைமணலின் ஒரு பகுதியாகும். மேலும் பவளத்தை உடைப்பதும் அகழ்வதும் நம் நாட்டில் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. வன்பவளங்கள் அனைத்தும் அழிநிலை உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளன.

துண்டின் நுனியில், நடு அச்சின் நேர்க்கோட்டில், ஏனையவற்றைவிடப் பெரிய ஒரேயொரு குழாய் வாய் திறந்து நின்றால் அது அக்ரோபோரா. இதனை அச்சுக்கிண்ணம் எனலாம். அதைச் சூழ்ந்து கிளையின் பக்கங்கள் முழுவதிலும் சிறிய கிண்ணங்கள், சிலவற்றில் முழுக்குழாயாகவும் சிலவற்றில் கீழுதடு மட்டும் நீண்ட அலகுபோலவும், நுனியை நோக்கிச் சாய்ந்து நிற்கும், இவை பக்கக்கிண்ணங்கள். உலகின் வேறு கிளைப்பவளங்கள் பெரும்பாலானவற்றில் இந்த அமைப்பு இல்லை. போசிலோபோராவின் கிளைகளில் பருக்கள்போன்ற புடைப்புகள் இருக்கும். கிண்ணங்கள் அந்தப் புடைப்புகளின் மேலும் இடையிலும் அமிழ்ந்திருக்கும். நுனியில் தனிக்குழாய் இராது. கிளைவிடும் மொன்டிபோராவில் கிண்ணங்கள் மிகச் சிறியவை. அவற்றுக்கிடையே எலும்புக்கூட்டின் நுண்பருக்கள் துருத்திநிற்கும். கிளைவிடும் போரைட்டிசு தொட்டால் ஏறத்தாழ வழவழப்பாகவும், கிண்ணங்கள் தேன்கூடுபோல் இடைவெளியின்றியும் இருக்கும். நெருப்புப் பவளம் எனப்படும் மில்லிபோராவும் கிளைவிடும். ஆயினும் அது உண்மையான வன்பவளம் அன்று. அதன் மேற்பரப்பில் கிண்ணங்களுக்குப் பதிலாக ஊசி குத்தியது போன்ற துளைகளே உண்டு. உயிருடன் இருக்கும்போது அது கடுகுமஞ்சள் நிறமாகவும் நுனி வெண்மையாகவும் இருக்கும் என்பதால் தொடக்கநிலையாளர் அதை மான்கொம்பாகக் கருதி அருகே சென்று தோல் எரிந்து திரும்புவது உண்டு.

உடைந்த முகத்தையும் பார்க்க மறக்கக்கூடாது. மான்கொம்பின் எலும்புக்கூடு பாணின் உட்புறம்போல் துளைகள் நிறைந்தது. கல்சியம் காபனேற்றைச் சிக்கனமாகச் செலவிட்டு நீளத்தைப் பெருக்கிக்கொள்ளும் உயிரி இது. வேகத்துக்காக உறுதியைக் குறைத்துக்கொண்டது என்பது இந்த முகத்திலேயே தெரியும்; புயலிலும் நங்கூரத்திலும் இது முதலில் முறிவதற்கும் காரணம் இதுவே.

நுனியில் நடப்பது

உயிருள்ள கிளையொன்றின் நுனி, நலமான நிலையிலும், வெண்மையாகவோ வெளிர்நீலமாகவோ வெளிர்ஊதாவாகவோ இருக்கும். இந்த ஒரு செய்தியை அறியாததனால், நலமான பவளத்தை நோயுற்றதென்று எழுதிவைத்த பதிவுகள் ஏராளம். என் முதற்குறிப்பேட்டிலும் அப்படிப்பட்ட பக்கங்கள் உள்ளன. நுனி ஏன் வெண்மையாக இருக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் இந்த உயிரியின் வாழ்க்கை முழுவதும் விளங்கிவிடும்.

பவளத்தின் தனியுயிரியைப் பொலிப்பு என்பர். மான்கொம்பில் ஒரு பொலிப்பு ஓரிரு மில்லிமீற்றர் அகலமே உடையது: ஒரு வாய், அதைச் சூழ உணர்கொம்புகள், உள்ளே ஒரு வயிற்றறை. அடுத்தடுத்த பொலிப்புகள் மெல்லிய இழையத்தால் இணைக்கப்பட்டு உணவைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆதலால் ஆயிரக்கணக்கான வாய்களை உடைய ஒரே உடலென்று ஒரு கூட்டத்தைக் கருதலாம். இந்த இழையத்தின் உயிரணுக்களுக்குள் சூசாந்தெல்லே எனப்படும் ஒற்றை உயிரணு அல்காக்கள், அதாவது நுண்பாசிகள், வாழ்கின்றன. பவளம் அவற்றுக்குப் பாதுகாப்பான இடத்தையும் காபனீரொட்சைட்டையும் தன் கழிவிலுள்ள நைதரசனையும் கொடுக்கிறது; அவை பகல்வெளிச்சத்தில் ஒளித்தொகுப்புச் செய்து, பவளத்துக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரையில் கொடுக்கின்றன. பழுப்பும் பச்சையும் கலந்த நிறம் பெரும்பாலும் இந்த அல்காக்களுடையது. இரவானதும் பொலிப்புகள் உணர்கொம்புகளை விரித்து, கொட்டும் நுண்ணுறுப்புகளான அழன்மொட்டுகளால் நுண்ணிய விலங்குகளைப் பிடித்து உண்ணும். பகலில் உழவும் இரவில் வேட்டையும் என்று இதைச் சொல்லலாம்.

நுனியில் நிற்கும் அச்சுப்பொலிப்பு இந்தக் குடியில் தனிப்பட்டது. அது தன் குழாயை நீட்டிக்கொண்டே முன்னே செல்கிறது. அதன் பக்கங்களிலிருந்து அரும்பும் பொலிப்புகள் பக்கக்கிண்ணங்களாகின்றன. அவற்றுள் ஒன்று புதிய அச்சாக மாறும்போது புதிய கிளை பிறக்கிறது. இவ்வளவு விரைவாகப் புதிதாகத் தோன்றும் இழையத்தில் அல்காக்கள் பெருகுவதற்குக் காலம் போதாது. அதனால் அது வெண்மையாகத் தெரிகிறது. அவ்வாறாயின் அல்கா குறைந்த நுனி இத்தனை வேகமாக வளர்வது எப்படி? கீழ்ப்பகுதியிலுள்ள அல்காக்கள் ஆக்கிய உணவு இழையத்தின் வழியாக நுனியை நோக்கிக் கடத்தப்படுகிறது. பனையில் ஓலைகள் ஆக்கும் உணவு குருத்துக்குப் போய்ச் சேருவதைப்போல இதை எண்ணிக்கொள்ளலாம்.

வளரும் வேகத்தையும் குறிப்பிட வேண்டும். உருண்டையாக வளரும் போரைட்டிசு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே தடிக்கும்போது, மான்கொம்பின் சில இனங்கள் நல்ல சூழலில் 10 முதல் 20 சென்ரிமீற்றர் வரை நீளுகின்றன. ஆகவே வெண்ணுனி அகலமாகவும் கிண்ணங்கள் கூர்மையாகவும் இருந்தால் அந்தக் கிளை இப்போது வளர்ந்துகொண்டிருக்கிறது என்று எழுதலாம். நுனி மழுங்கி, அடிக்கிளையின் நிறமே முனைவரை வந்திருந்தால் வளர்ச்சி தணிந்திருக்கிறது. நுனியின்மேல் பச்சைப் பாசி படர்ந்திருந்தால் அச்சுப்பொலிப்பு இறந்துவிட்டது. ஆயினும் கிளையின் கீழ்ப்பகுதி உயிருடன் இருக்கக்கூடும் என்பதால் அடிவரை பார்த்த பின்னரே முடிவை எழுத வேண்டும்.

கடலுக்குப் போகும் காலமும் முறையும்

நம் கடலில் இடத்தைக் காட்டிலும் காலமே பெரிது. பாக்குநீரிணைப் பக்கக் கடல் ஆழங்குறைந்தது. காற்று எழுந்தால் அடிச்சேறு கலங்கி ஒரு முழத் தொலைவுங்கூடத் தெரியாது. வாடை வீசும் கார்த்திகை முதல் தை வரையான காலத்தில் வடகரை கொந்தளிக்கும். வைகாசிக்குப் பின் சோழகக்காற்று வலுக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாசி பிற்பகுதி, பங்குனி, சித்திரை முற்பகுதியே நீர் தெளிந்திருக்கும் நாட்கள். நாளில் காலை எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடைப்பட்ட நேரம் உகந்தது: காற்று எழும்பியிராது, கதிரவன் போதிய உயரத்தில் இருக்கும். அந்தந்தக் கரையின் சுழியோடி ஒருவரையோ அனுபவமுள்ள கடற்றொழிலாளரையோ அழைத்துச் செல்லுங்கள். தீவுகளுக்கிடையேயான வாய்க்கால்களில் நீரோட்டம் எப்போது திரும்பும் என்பதை அவர்களளவு அறிந்தவர் இல்லை. கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடிய முதியவர்களிடம் “ஐயா, இந்த இடத்தில் கொம்புமாதிரி முருகைக்கல் முன்பு இருந்ததா?” என்று கேட்டு எழுதிவைக்கும் ஒரு பக்கம், நம் ஆய்வுகளுக்கு முற்பட்ட காலத்தைப் பற்றிக் கிடைக்கும் அரிய சான்றாகும்.

வேண்டிய பொருள்கள் குறைவு: நீர்க்கண்ணாடி, சுவாசக்குழாய், நீண்ட கைச்சட்டை, தடித்த அடியுள்ள காலணி, பிளாஸ்ரிக் பலகை, பென்சில், 10 சென்ரிமீற்றர் அளவு குறித்த ஒரு சிறு கோல், நீர்புகா உறையிலிட்ட கைப்பேசி. வெயிலுக்கு முகத்தில் பூசும் களிம்புகளில் உள்ள ஒக்சிபென்சோன் பவளத்தின் குடம்பிகளுக்கு, அதாவது நீந்தித் திரியும் இளம்பருவ உயிரிகளுக்கு, தீங்கானது என்று ஆய்வுகள் காட்டியுள்ளதால், களிம்புக்குப் பதிலாகச் சட்டையால் உடலை மூடுவதே முறை. நீரில் மிதந்தபடியே பார்க்க வேண்டும். பவளத்தின் மேல் நிற்பதும் அதைப் பிடித்துக்கொள்வதும் கூடாது. ஆழங்குறைந்த இடமாதலால் தடுமாறினால் கால் தானாகவே கீழே போகும். ஆகையால் முதலில் மணற்றிட்டுக்கு மேல் மிதந்து பழகிக்கொண்ட பின்னரே பாறைக்கு மேல் செல்ல வேண்டும். பிளவுகளில் நீண்ட கரிய முட்களையுடைய கடல் அர்ச்சின்கள் இருக்கும். முள் ஏறினால் உள்ளே முறிந்து நாட்கணக்கில் வலிக்கும். படகின் நங்கூரத்தை மணலில் மட்டும் போடும்படி படகோட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுக. ஒரு நங்கூரம் இழுபட்டால் பல ஆண்டு வளர்ச்சி ஒரு நொடியில் முறிந்துபோகும்.

முதல் நாளிலேயே மான்கொம்புக் காடு ஒன்றைக் காண்போம் என்ற எதிர்பார்ப்புடன் போகவேண்டாம். கலங்கலும் படிவும் கூடிய வடகடலில் உருண்டைப் பவளங்களே கண்ணில் அதிகம் படும். மான்கொம்பு ஆங்காங்கே கூட்டங்களாகவே இருக்கும். அதனால் நம் பாறைகளை வறியவை என்று எண்ணிவிடவும் கூடாது. குடாநாட்டைச் சூழ்ந்த பாறைகளைப் பற்றி 2021இல் வெளியான ஆய்வொன்று, மரபணுக் குறியீட்டு முறையால் உறுதிசெய்து, இலங்கையில் அதுவரை பதிவாகாதிருந்த 36 பவள இனங்களை இங்கே கண்டதாக அறிவித்தது. போர்க்காலத்தில் நெருங்க முடியாதிருந்த கடல் இது. பார்க்க வேண்டியது இன்னும் மிகுதியாக உள்ளது.

வெண்மையின் வகைகளைப் பிரித்தறிதல்

இந்த வழிகாட்டியில் மிகக் கவனமாகக் கற்க வேண்டிய பகுதி இதுவே. நீருக்கடியில் வெண்மையாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல. நுனி மட்டும் வெண்மையாகவும், கீழே நோக்கிப் படிப்படியாக நிறம் ஏறியும் இருந்தால் அது மேலே சொன்ன வளர்ச்சி. கிளை முழுவதும், நுனியும் அடியும் ஒன்றுபோல், பளிச்சென்று வெண்மையாக இருந்தால் அது வெளிறல். அப்போது கிண்ணங்களின் வாயை உற்றுப்பார்த்தால் கண்ணாடிபோன்ற இழையமும், சிலவேளை சுருங்கிய உணர்கொம்புகளும் தெரியும். விலங்கு உயிருடன் இருக்கிறது, அல்காவை மட்டுமே இழந்திருக்கிறது. சில கூட்டங்கள் வெளிறும்போது ஒளிரும் நீலமாகவோ ஊதாவாகவோ மாறுவதும் உண்டு. அதன் அழகைக் கண்டு நலமென்று எழுதிவிடக்கூடாது; அல்கா போனபின் பவளத்தின் சொந்த நிறமிகள் வெளித்தெரிவதே அது.

இழையம் அறவே இல்லாமல் எலும்புக்கூட்டின் கூர்விளிம்புகள் மட்டும் வெண்மையாகத் தெரிந்தால் பவளம் அண்மையில் இறந்திருக்கிறது. அந்த வெண்மை சில நாட்களே நிற்கும். பின்னர் மெல்லிய பச்சைப்பாசி படர்ந்து பழுப்பாகிவிடும். வெண்மைக்கும் உயிருள்ள நிறத்துக்கும் இடையிலான எல்லை கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக இருந்தால், காரணத்தைத் தேட வேண்டும். அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு வெண்பட்டையாக ஏறினால் நோயாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் பெரிய திட்டாக வெளுத்திருந்தால் சுற்றிலும் பிளவுகளில் முள்முடி நட்சத்திரமீன் பதுங்கியிருக்கிறதா என்று பார்க்கவும். அது தன் வயிற்றை வெளியே தள்ளிப் பவளத்தின் மேல் போர்த்தி, இழையத்தைக் கரைத்து உண்ணும். கிளைகளின் கவட்டில் விரல்நக அளவான நத்தைகள் கூட்டமாக ஒட்டியிருந்தால் துருபெல்லா நத்தையே காரணம். அடர்ந்த புதரின் அடிக்கிளைகள் நிழலால் இயல்பாகவே இறந்து பாசி பிடித்திருக்கும். அதை நோயென்று எண்ண வேண்டியதில்லை.

வெளிறல் நிகழும் விதம் இப்போது நன்கு அறியப்பட்டுள்ளது. ஓரிடத்தின் வழமையான கோடை உச்ச வெப்பநிலையைவிட ஒரு பாகை செல்சியசு கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே போதும். வெப்பமும் கடும் ஒளியும் சேர்ந்து அல்காவின் ஒளித்தொகுப்புப் பொறியைக் கெடுக்கின்றன, அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள ஒட்சிசன் வகைகள் பெருகுகின்றன, பவளம் அல்காவை வெளியேற்றிவிடுகிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் எஞ்சிய அல்காக்கள் பெருகி நிறம் திரும்பும். நீடித்தால் விலங்கு பட்டினியால் இறக்கும். 1998இல் இந்துமாக்கடல் முழுவதும் சூடேறியபோது தென்மேற்குக் கரையிலுள்ள இக்கடுவை, கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் பாறைத்தொகுதி ஆகியவற்றின் கிளைப்பவளங்கள் பெருமளவில் இறந்தன. திருகோணமலை நிலாவெளிக்கு முன்னுள்ள புறாத்தீவுப் பாறைகள் அப்போது பெரும்பாலும் தப்பின. பார் பாறைத்தொகுதியில் பின்னர் மேசைபோல் விரிந்து வளரும் மான்கொம்பினம் ஒன்று மீண்டும் தழைத்து நம்பிக்கை தந்தது. 2016இன் வெப்பத்தில் அதுவும் பட்டுப்போனது. நம் கடலில் நீர் தெளிந்திருக்கும் பங்குனி, சித்திரையே வெப்பம் ஏறும் காலமாகவும் இருப்பதால், வெளிறலின் தொடக்கத்தைக் காண்பதற்கு நமக்கு நல்ல வாய்ப்பு உண்டு. முதற்பார்வைக்குப் பின் சித்திரை இறுதியில் இன்னொரு முறையேனும் அதே கூட்டத்திடம் போக வேண்டும்.

நிறத்தை வெறுங்கண்ணால் மதிப்பிடுவது ஆளுக்காள் மாறும். குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் திட்டம் இதற்கென ஆறுபடி வண்ண அட்டை ஒன்றை உருவாக்கியுள்ளது. ஒன்று மிக வெளிர்மை, ஆறு மிகக் கருமை. பவளத்தின் அருகே அட்டையைப் பிடித்து, மிக வெளிரிய இடத்துக்கும் மிகக் கருமையான இடத்துக்கும் ஒத்த எண்களை எழுதிக்கொள்ள வேண்டும். கிளைப்பவளத்தில் நுனியை மட்டும் விலக்கிவிட வேண்டும். காரணம் இதுவரை படித்தவருக்குத் தெரியும். இரு வருகைகளுக்கிடையே எண் இரண்டு படி குறைந்திருந்தால் அது பொருட்படுத்த வேண்டிய மாற்றம்.

கிளைகளுக்கிடையே குடியிருப்போர்

ஒரு கூட்டத்தின் நிறத்தைப் பதிந்தபின் அசையாமல் ஐந்து நிமிடம் மிதந்து காத்திருங்கள். முதலில் ஓடி ஒளிந்த சிறு மீன்கள் ஒவ்வொன்றாகக் கிளைகளுக்கிடையிலிருந்து வெளிவரும். மான்கொம்பின் சூழலியற் பங்கு அதன் வடிவத்திலேயே உள்ளது. உருண்டைப்பாறை ஒரு சுவரைத்தான் தருகிறது. கிளைப்பவளம் ஆயிரம் அறைகளைத் தருகிறது. பெரிய மீன் நுழைய முடியாத இடைவெளிகளில் குஞ்சுகள் வளர்கின்றன. கலவாய், விளைமீன் முதலியவற்றின் இளமீன்களுக்குப் பாறைகளும் அவற்றை அடுத்த கடற்புற்றரைகளும் கண்டற்காடுகளும் ஒன்றோடொன்று தொடர்ந்த வீடுகள். உலகக் கடலடியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பரப்பையே பிடித்துள்ள பவளப்பாறைகளில், அறியப்பட்ட கடல் உயிரினங்களில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு தங்கி வாழ்வதற்கு இந்த அறைகளே பெருங்காரணம்.

குடியிருப்போர் வாடகையும் செலுத்துகின்றனர் எனலாம். டெட்ராலியா எனப்படும் சிறு நண்டுகள் மான்கொம்பின் கிளைகளில் மட்டுமே வாழ்பவை. அவை கிளைமேல் விழும் மண்டியைத் துடைத்து அகற்றுவதோடு, முள்முடி நட்சத்திரமீன் ஏறிவரும்போது அதன் குழாய்க்கால்களைக் கிள்ளி விரட்டவும் செய்கின்றன. கிளைகளில் கூட்டமாக உறையும் சிறு மீன்களின் கழிவிலுள்ள அமோனியம் பவளத்தின் அல்காவுக்கு உரமாகிறது. செங்கடலில் ஆராய்ந்தவர்கள், இரவில் கிளைகளுக்கிடையே தங்கும் மீன்கள் துடுப்புகளை அசைத்துக்கொண்டே இருப்பதால் அங்கே நீர் ஓடி, ஒட்சிசன் குறையாமல் இருப்பதைக் கண்டனர். வண்ணத்துப்பூச்சி மீன்கள் பொலிப்புகளையே கொத்தித் தின்பவை; அவை இணையாகச் சுற்றித் திரிவது உயிருள்ள பவளம் போதிய அளவில் இருப்பதற்கு அடையாளம் என்பதால் அவற்றின் எண்ணிக்கையையும் எழுதிக்கொள்க.

பதிவில் தவறாமல் இடம்பெற வேண்டிய இன்னொரு மீன் ஒரா. யாழ்ப்பாணத்துச் சமையலறையில் ஒராவுக்குள்ள மதிப்பைச் சொல்லத் தேவையில்லை. பாறையில் அதற்குள்ள மதிப்பு அதனினும் பெரிது. பவளம் ஒரு கிளையை இழந்த இடத்தில் முதலில் குடியேறுவது பாசி. பாசி தடித்துவிட்டால் பவளக்குடம்பிகளுக்கு ஒட்டுவதற்கு இடம் கிடைக்காது. ஒராவும் கிளிமீனும் அந்தப் பாசியை மேய்ந்து கல்லை வெறுமையாக்கிக் கொடுக்கின்றன. கிளிமீன் கல்லோடு சேர்த்துச் சுரண்டி அரைத்து வெளியேற்றுவது வெண்மணலாகிறது. மேய்வோர் குறைந்து, அதே வேளை உரமும் கூடினால் பாசி வென்றுவிடும். நம் குடாநாட்டில் இந்த இரண்டாவது காரணம் தோட்டத்திலிருந்து தொடங்குகிறது. நம் நிலம் துளைகள் நிறைந்த சுண்ணக்கல்; வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் யூரியாவின் நைத்திரேற்று கிணற்றுநீரில் மிகுந்திருப்பது பல ஆண்டுகளாக அறியப்பட்ட உண்மை. அந்த நிலத்தடி நீர் கரையோரமாகக் கடலுக்குள் கசிந்து சேர்கிறது. கீரிமலையில் கடலோரமாக நன்னீர் ஊறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படிவைப் பற்றியும் ஒரு சொல். இழுவைமடி கடலடியைக் கிளறி எழுப்பும் சேறு, பவளத்தின் மேல் படிந்து ஒளியை மறைக்கிறது. பவளம் சளியைச் சுரந்து அதைக் கழுவச் சக்தியைச் செலவிடுகிறது. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. தடை நடைமுறையாகும் அளவுக்கு ஏற்பப் பாக்குநீரிணையின் பாறைகளுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கரைக்கும் பவளத்துக்கும் உள்ள தொடர்பை நம் தீவகத்தார் நன்கு அறிவர். உலகின் பல பாறைகளில் எடுத்த அளவைகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாறையைக் கடந்து வரும் அலையின் ஆற்றல் சராசரியாக 97 சதவீதம் குறைகிறது. கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரமே உடைய தீவுகளுக்கு இது எத்தகைய காப்பு என்பது சொல்லாமலே விளங்கும்.

முறிந்த கிளையைக் கண்டால்

மான்கொம்பு இரு வழிகளில் பெருகுகிறது. ஆண்டுக்கொரு முறை, முழுநிலவை அடுத்த இரவுகளில், ஆண் பெண் அணுக்கள் ஒன்றாகப் பொதிந்த சிறு உருண்டைகளை ஒரே வேளையில் நீரில் விடுகிறது. பல இனங்கள் ஒரே இரவுகளில் சேர்ந்து இவ்வாறு செய்வதை அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறைத்தொகுதியில் 1980களின் தொடக்கத்தில்தான் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். உருண்டைகள் மிதந்து, உடைந்து, வேறு கூட்டத்தின் அணுக்களுடன் கருவுற்று, சில நாட்களில் குடம்பியாகி, இறங்கி ஒட்டிக்கொள்ளத் தக்க கல்லைத் தேடுகின்றன. மற்றைய வழி முறிவு: அலையால் முறிந்த கிளை உறுதியான தளத்தில் அசையாமல் கிடந்தால் மீண்டும் ஒட்டிக்கொண்டு, புதிய அச்சுகளை எழுப்பும்.

ஆகவே முறிந்து கிடக்கும் உயிருள்ள கிளையை இறந்ததாக எண்ணிக் கரைக்குக் கொண்டுவருதல் பெரும் பிழை. அது மணலில் உருண்டுகொண்டிருந்தால் பிழைக்காது. இரு கற்களுக்கிடையே சிக்கியிருந்தால் பிழைக்கும். எனினும் அதை நீங்களாக எடுத்து வேறிடத்தில் கட்டவோ ஒட்டவோ முற்படவேண்டாம். நுனியிலிருந்து அடிவரை ஒரு படம், அளவுகோல் தெரிய, எடுத்து, அடுத்த வருகையில் அதன் நிலையைப் பாருங்கள். நாற்றுமேடை முறையில் பவளம் வளர்ப்பது அனுமதியுடன், பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை.

பதிவை எழுதிவைத்தல்

ஒரே கூட்டத்திடம் ஆண்டுதோறும் திரும்பிச் செல்வதே பதிவுக்கு உயிர். இடத்தைக் கைப்பேசியின் புவிநிலை காட்டியால் குறித்துக்கொள்வதோடு, கடற்றொழிலாளர் செய்வதுபோல், கரையிலுள்ள வெளிச்சவீடு ஒன்றும் கோயிற்கோபுரம் ஒன்றும் எவ்வாறு ஒரே கோட்டில் தெரிகின்றன என்பதையும் எழுதுங்கள். கருவி தவறினாலும் கோடு தவறாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம், ஒரு நுனியின் அண்மைப்படம் ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றிலும் 10 சென்ரிமீற்றர் கோல் தெரிய வேண்டும். நாள், நேரம், ஆழம், காற்றின் திசை, நீரின் தெளிவு, வண்ண அட்டையின் இரு எண்கள், வெண்மையின் வகை, கண்ட மீன்கள் ஆகியவற்றை அன்று மாலையே பலகையிலிருந்து குறிப்பேட்டுக்கு மாற்றிவிடவும். மறுநாளுக்கு விட்டால் எந்தப் படம் எந்தக் கூட்டத்துக்குரியது என்பது மறந்துபோகும். இனப்பெயர் உறுதியில்லாவிட்டால் சாதிப்பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மான்கொம்பின் இனங்களைப் பிரிப்பது வல்லுநருக்கே கடினமானது. நுனிக்கிண்ணத்தின் தெளிவான படம் இருந்தால் அவர்கள் பின்னர் பார்த்துச் சொல்வர்.

மூன்று பங்குனிகளின் பதிவுகள் சேர்ந்ததும் அவற்றின் படியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறைக்கோ, நாரா எனப்படும் தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி அபிவிருத்தி நிறுவனத்துக்கோ கொடுங்கள். மூலக்குறிப்பேட்டை உங்களிடமே வைத்துக்கொண்டு, அதன் முதற்பக்கத்தில் கோட்டில் தெரியும் வெளிச்சவீட்டையும் கோபுரத்தையும் கையால் வரைந்து வையுங்கள். நான்காம் பங்குனியில் உங்களுக்குப் பதிலாக வேறொருவர் போக நேர்ந்தாலும் அதே கிளையின் நுனியை அவர் கண்டுகொள்வார்.